நடுவில் ஆள் இருக்கு

செல்லக்கிளியக்காவை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம்தான். இரக்கமெல்லாம் பின்னால் வந்தது. பயம் அதற்கும் பின்னால்.

மன்னார்புரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சமுதாயக் கல்லூரி. ஒரு வருட டிப்ளமோ, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர் படிப்பு. ஜூலையில் சேர வேண்டியவள் நான் அக்டோபரில் போய் நின்றேன். வேறு எந்தக் காலேஜாக இருந்தாலும் வாட்ச்மேனே விரட்டியிருப்பார். இங்கே சேர்த்துக்கொண்டார்கள். வயது வரம்பு கிடையாது, எட்டாவது பாஸ் போதும். பாதியில் படிப்பை விட்டவர், பிள்ளை பெற்றவர், புருஷன் விட்டுவிட்டுப் போனவர் எல்லோரும் வரலாம். மூன்றாவது வகையில் நான் வருவேன். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நுழைவதுதான் சுலபம். உள்ளே போய்விட்டால் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவார்கள். சேர்ந்த நாளிலிருந்து நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வந்திருந்தால்தான் பரீட்சை. எழுத்துத் தேர்வில் தனியாகத் தேற வேண்டும், செய்முறையில் தனியாகத் தேற வேண்டும். ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் முடித்தால்தான் சான்றிதழ்.

முதல் நாள் வகுப்புக்குள் போனால் எல்லாப் பெஞ்சிலும் ஆட்கள். கடைசிப் பெஞ்சில் மட்டும் ஜன்னலோரமாக ஒரு அம்மா தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத்தான் அவரும் போட்டிருந்தார், ஆனால் அது தோளில் இறுக்கிப் பிடித்தது, பட்டன் போட வரவில்லை. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சு. நான் நடுவில் உட்காரப் போனேன். அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

“அங்க ஆளு இருக்கும்மா. நீங்க ஓரமா உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மத்தியானம் வரை யாரும் வரவில்லை. சாயங்காலம் வரை வரவில்லை. மறுநாளும் அதே கதை. ஓரத்தில் உட்கார்ந்தால் கரும்பலகையில் பாதி தூணுக்குப் பின்னால் போய்விடும். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பாலக்கரை முழுக்கத் தெரியும். மூன்றாம் நாள், வருகிற மகாராணி வரும்போது எழுந்து வழிவிடுகிறேன், அதுவரைக்கும் நகர்ந்துகொள்கிறேனே என்று சொல்லியேவிட்டேன். முன்பெஞ்சுப் பெண் திரும்பி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் சொன்னாள். அந்த நடு இடம் கனிஷ்காவினுடையது. இந்த அம்மா பெற்ற ஒரே மகள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டியில் பைபாஸ் வழியாக வருவாள். செப்டம்பரில் ஒரு காலை சஞ்சீவி நகர் சிக்னலில் லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கனிஷ்கா எடுத்துப் போயிருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கத்தான் அம்மாக்காரி கல்லூரிக்கு வந்தாராம். கொடுத்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். முதல்வர் ஆனந்தவள்ளி மேடம் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அவள் ஆரம்பித்ததை நான் முடிக்கலாமா, அந்த இடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார் இவர். மேடம் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அம்மாக்காரி பத்தாவது வரை படித்திருக்கிறார், வயது தடையில்லை, இடம் காலி, தாமதச் சேர்க்கைக்குத் தேதியும் இருக்கிறது. பெற்றவள் சேரக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

அந்தக் கோட்டும் கனிஷ்காவுடையதுதான். கேட்டதும் என் வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று முதல் அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குக் கமரு. கமருன்னிசா என்று முழுப்பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளாது.

அக்கா ஸ்ரீரங்கத்தில் யாத்திரிகர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தார். விடியற்காலையில் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். அழுது நான் பார்த்ததில்லை. கேட்டால் சிரித்தபடிதான் பேசுவார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியும். புத்தகத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள மாட்டார், நடுப்பக்கமாகத் திருப்பி வைப்பார். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் கொஞ்சம் நிறுத்துவார், இன்னொருவர் படித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல. டிபன் பாக்ஸ் மூடியில் எப்போதும் ஒரு பங்கு எடுத்து வைப்பார். மணி அடித்ததும் அதைத் தானே சாப்பிட்டுவிடுவார்.

சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறுவோம். நான் பாலக்கரையில் இறங்கிவிடுவேன், அவர் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போவார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள். கண்டக்டர் வந்ததும் அக்கா ரெண்டு என்பார். எனக்கும் சேர்த்து வாங்குகிறார் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் நான் முன்வாசலில் ஏறி எனக்கு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். அப்போதும் அக்கா கையில் ரெண்டு டிக்கெட் இருந்தது. ஒன்றை மடித்துப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தார். காசில்லாத டிக்கெட், கண்டக்டருக்கு யார் எவர் என்று பார்க்க ஏது நேரம்? பாலக்கரை வரும் வரை நின்றுகொண்டே வந்தேன்.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. போனவர்கள் போனவர்கள்தான், திரும்பி வரமாட்டார்கள் என்று எங்கள் அத்தா சொல்லி வளர்த்தார். ஆனாலும் சொல்கிறேன், ஒரு நாள் என் பேனா உருண்டுபோய்ப் பெஞ்சின் நடுவில் நின்றது. எடுக்க எனக்குக் கை போகவில்லை. மின்விசிறி இல்லாத அந்த மூலையில் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. அக்கா தலையிலிருந்து வந்த வாசம்தான் அது, வேறென்ன? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குப் பாடம் முழுவதும் பென்சிலில் எழுதினேன்.

எங்கள் வகுப்பாசிரியை மகாலட்சுமி மிஸ். முன்பு நர்ஸாக இருந்தவர். வகுப்பில் ஒரு ரப்பர் பொம்மையைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள், அதுதான் எங்கள் நோயாளி. தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், நினைவில்லாதவரானாலும் இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பார். பொம்மைக்கு எங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். நான் என்னை விட்டுப்போன ஆளின் பெயரை வைத்து ஊசி குத்தப் பழகினேன். அக்கா வைத்தது என்ன பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

மிஸ் இன்னொன்றும் தினமும் சொல்வார். நோயாளியின் சார்ட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும், யாரோ சொல்லக் கேட்டதை எழுதக் கூடாது. எப்படிப் பார்ப்பது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிறம், அப்புறம் கண், நெற்றி, கை, நகம், கால். இதை அக்காபோல மனப்பாடம் செய்தவர் வகுப்பில் வேறு யாருமில்லை.

வருகை எடுப்பது எங்கள் கல்லூரியில் பெயர் சொல்லித்தான். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளேன் மிஸ் என்று சொல்ல வேண்டும். தாமதமாகச் சேர்ந்த அக்கா பெயரும் என் பெயரும் பதிவேட்டில் கடைசியில் இருந்தன. கனிஷ்கா பெயர் அதன் பழைய இடத்திலேயே இருந்தது. ஒரு மாணவி இறந்துவிட்டால் பெற்றவர் எழுதிக் கொடுத்து, இறப்புச் சான்றிதழும் வைத்தால்தான் பெயரை எடுப்பார்களாம். அக்காவிடம் அதைப் போய் யார் கேட்பது? மிஸ் அந்தப் பெயர் வரும்போது ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த பெயருக்குத் தாண்டிவிடுவார், ஆப்சென்ட் போட அவருக்குக் கை வராது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும்.

ஜனவரியில் மிஸ் பிரசவத்துக்காக லீவில் போனார். வேறு கிளையிலிருந்து ஆசீர் சார் வந்தார். நல்ல மனுஷன், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் நாள் பதிவேட்டைத் திறந்து வரிசையாகப் படித்தார். கனிஷ்கா என்றார்.

“உள்ளேன் சார்” என்றது என் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அக்கா குரல்தான். ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சின்னப் பெண் குரல்போல மெல்லியதாக இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சார் நிமிர்ந்து பார்த்து டிக் அடித்துவிட்டு மேலே போனார். கடைசியில் செல்லக்கிளி என்று கூப்பிட்டபோது பக்கத்தில் சத்தமில்லை. முழங்கையால் இடித்தேன். அக்கா அசையவில்லை. சார் ஆப்சென்ட் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். உன் பெயருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதானே, வாய் என்ன வலிக்குமா என்று திட்டினேன். ஒரு வாயால் ரெண்டு பேருக்கு எப்படிச் சொல்வது, இத்தனை நாள் அவள் பெயரைத் தாண்டிப் போனார்கள், இன்றைக்குத்தான் ஒருத்தர் கூப்பிட்டார் என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சாரிடம் போய் உண்மையைச் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் மனம் வரவில்லை. இரக்கப்பட்டு இரக்கப்பட்டே முப்பது பொம்பளைகளும் சேர்ந்து அந்த அம்மாவைக் கிணற்றில் தள்ளினோம். சாருக்கு எங்கள் கடைசிப் பெஞ்சு அம்மா கனிஷ்கா. செல்லக்கிளி என்பவள் பணம் கட்டிவிட்டு வராமலே போன யாரோ ஒருத்தி.

ஏப்ரலில் அறிவிப்புப் பலகையில் பரீட்சைக்குத் தகுதியானவர் பட்டியல் ஒட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு இரக்கமும் கிடையாது, பயமும் கிடையாது. அதற்குத் தெரிந்தது ஆப்சென்ட் கணக்கு மட்டும்தான். கனிஷ்கா, தகுதி உண்டு. செல்லக்கிளி, வருகை போதாது, தகுதி இல்லை, மறு ஆண்டு படிக்க வேண்டும். செத்துப்போன பிள்ளைக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவளுக்கு இல்லை. அல்லாவே, நான் அந்தப் பலகை முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அக்கா மகள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனந்தவள்ளி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். விஷயம் தெரிந்ததும் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வழி ஒன்று இருந்தது. அக்கா தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் மகள் கனிஷ்கா இறந்துவிட்டாள், அவள் பெயரில் பதிவான வருகை என்னுடையது என்று இரண்டே வரி. கூடவே இறப்புச் சான்றிதழ். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் வருகையை மாற்றிப் பதிந்து, அக்காவுக்கு ஹால் டிக்கெட் வாங்கிவிடலாம். கொடுக்காவிட்டால் வருடம் போச்சு. அடுத்த வருடம் அந்தப் படிப்பு நடக்குமா என்பதே நிச்சயமில்லை.

“அதான் அவ பேருக்கு டிக்கெட் வந்துருக்குங்களே” என்றார் அக்கா. “அவளே எழுதட்டும்.”

மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். யார் வந்து எழுதுவார் என்று மெதுவாகக் கேட்டார்.

“நான் உக்காந்து எழுதுறேன். அவ பாஸ் பண்ணட்டும்.”

அது ஆள்மாறாட்டம், அப்படிச் செய்ய முடியாது என்று மேடம் பொறுமையாகத்தான் விளக்கினார். அக்கா எல்லாவற்றுக்கும் சரிங்க என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நடு இடமும் காலி, ஜன்னலோரமும் காலி. முழுப் பெஞ்சும் எனக்குத்தான். ஆனாலும் நான் ஓரத்தில்தான் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. அக்கா கணவர் வீரமலை அண்ணன் காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் லோடு இறக்குகிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆணியில் கனிஷ்காவின் துப்பட்டா, அதற்குப் பக்கத்தில் நசுங்காத ஹெல்மெட். அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கவில்லை போல. கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பு. சீப்பின் பல்லில் நீளமான முடி அப்படியே சிக்கியிருந்தது.

அக்கா டீ போட்டுக் கொடுத்தார். பரீட்சையைப் பற்றி நான் கத்தினேன். நீ படித்தது, நீ பொழுது விடியுமுன் எழுந்து ஓடி வந்தது எல்லாம் வீணாகப் போகப்போகிறது, ரெண்டு வரி எழுத உனக்கு என்ன கேடு என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“நான் பாக்கல கமரு” என்றார். “பொட்டலமாத்தான் கொண்டாந்தாங்க. வீட்டுக்குக்கூட வரல, ஆஸ்பத்திரிலேருந்து நேரா ஓயாமாரி சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. மூஞ்சியத் தெறக்க விடல. கண்ணால பாக்காதத எழுதக் கூடாதுன்னு மிஸ்ஸே சொல்லிருக்காங்கல்ல?”

படித்த பாடத்தை இப்படியா ஒருத்தி பிடித்துக்கொள்வாள்? அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. நிஜமாகவே அவரால் எழுத முடியவில்லை. பார்க்கவில்லை, அதனால் அவள் செத்தாள் என்பது அக்காவுக்கு இன்னும் யாரோ சொன்ன சேதிதான். பஸ்ஸில் ரெண்டு டிக்கெட் வாங்கினதும் நடுவில் இடம் பிடித்து வைத்ததும் அதனால்தான்.

வாசலில் இருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தேன். கோபம் மண்டைக்கு ஏறியது.

“அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல?”

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“பாத்தவரு நீங்க. இத்தன மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? சொல்லுங்க அதுகிட்ட.”

இவள் தாங்கமாட்டாள், அதனால்தான் காட்டவும் விடவில்லை, சொல்லவும் இல்லை என்று முணுமுணுத்தார். தாங்காமல்தான் தினம் ரெண்டு டிக்கெட் வாங்குகிறது என்றேன். அவருக்கு அது தெரியாது. அக்காவை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, “நெறம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மிஸ் சொல்லிக்கொடுத்த வரிசை.

“வெளுத்துப் போயிருந்துச்சு” என்றார் அண்ணன்.

“கண்ணு?”

“மூடிருந்துச்சு. தூங்குறாப்லதான்.”

“நெத்தி?”

“இந்தப் பக்கம் நல்லாருந்துச்சு. அந்தப் பக்கம் துணி கட்டிருந்தாங்க.” தன் இடது நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

“கை?”

“ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்துச்சு. நீ வச்சுவிட்ட மருதாணி அப்படியே இருந்துச்சு.”

“நகம்?”

“நீலமா.”

“காலு?”

“ஒத்தக் கால்ல கொலுசு இல்ல. தேடிப் பாத்தேன், கெடைக்கல.”

வரிசை அதோடு முடிந்தது. இனி எழுதுவார் என்று நினைத்தேன். அக்கா சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலைய யாராச்சும் சீவிவிட்டீங்களா?”

அண்ணனும் சீப்பைப் பார்த்தார்.

“இல்ல புள்ள. யாரும் சீவல.”

அப்போதுதான் அக்கா அழுதார். ஏழு மாதம் தேக்கி வைத்த அழுகை. ஒருத்தி அப்படி அழுது நான் கேட்டதில்லை, இனி கேட்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். நானும்தான் அழுதேன், ஒரு தடவைகூட முகம் பார்க்காத பிள்ளைக்காக.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா முகம் கழுவிவிட்டு வந்து காகிதம் கேட்டார். தானே எழுதினார். மகள் கனிஷ்கா இறந்துவிட்டாள், நான் பார்க்கவில்லை, என் கணவர் கண்ணால் பார்த்து எனக்குச் சொன்னார், அவள் பெயரில் உள்ள வருகை என்னுடையது. மேடம் கேட்டதற்கு மேல் ஒரு வரி அதிகம். அண்ணன் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் அதை முதல்வர் மேஜையில் வைத்தோம்.

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்காவுக்கு ஹால் டிக்கெட் வந்தது. எழுத்துத் தேர்வுகள் முடிந்தன. செய்முறைத் தேர்வன்று எங்களையெல்லாம் வகுப்பிலேயே உட்காரவைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒரு அம்மா வந்திருந்தார். கையில் அச்சிட்ட பட்டியல். அது முன்னாடியே அச்சாகி வந்துவிட்டது, கடைசியில் அக்கா பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தவர்களுக்குக் கனிஷ்கா பெயரை அடிக்கத் தோன்றவில்லை. அவர் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார்.

“கனிஷ்கா” என்றார்.

வகுப்பு மொத்தமும் பழைய பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டது. பக்கத்தில் அக்காவின் மூச்சு கேட்டது. அந்தச் சின்னக் குரல் மறுபடியும் வந்துவிடுமோ என்று நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

தேர்வாளர் இரண்டாம் முறையும் கூப்பிட்டார். அக்கா எழுந்து நின்றார்.

“அவ வர மாட்டா மேடம்” என்றார். சொந்தக் குரல்தான். “எறந்துட்டா. நான் அவ அம்மா.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு பட்டியலில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு காகிதத்தில் கீறுகிற சத்தம்கூடக் கேட்டது. அக்கா நின்றுகொண்டே இருந்தார். மற்ற பெயர்கள் எல்லாம் முடிந்து கடைசியில் செல்லக்கிளி வந்தபோது, உள்ளேன் மேடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

படுத்த படுக்கையாக இருக்கிற நோயாளியைச் சுத்தம் செய்து தலைவாரிவிட வேண்டும், அதுதான் எல்லோருக்கும் தேர்வு. நோயாளி பெயரென்ன என்று கேட்டபோது அக்கா இந்த முறை ரெங்கம்மாள் என்று சொன்னாராம். எல்லாம் மளமளவென்று செய்தவர், தலை சீவுகிற இடத்தில் மட்டும் நிறுத்தி நிதானமாகச் சீவினாராம். பொம்மைக்கு நைலான் முடி, சிக்கு எடுக்கவே வராது. நேரமாகிவிட்டது என்று தேர்வாளர் சொன்ன பிறகும், இதோ ஆச்சுங்க, இதோ ஆச்சுங்க என்று வகிடெடுத்து, பின்னி முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாராம். நேரம் தாண்டியதற்கு மதிப்பெண் குறைந்தது. ஏ வர வேண்டியவருக்கு பி வந்தது. எனக்கு வந்ததைக் கேட்காதீர்கள், நான் தேறினேன், அது போதும்.

இன்றைக்கு அக்கா தில்லைநகர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். நினைவில்லாமல் கிடக்கிறவர்களுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தலை சீவிவிடுவார் என்று அங்கே பேச்சு. பஸ்ஸில் ஒரு டிக்கெட்தான் வாங்குகிறார். நானே பார்த்தேன்.

பட்டமளிப்பு விழா ஜூலையில் நடந்தது. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் முன்னாடியே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அக்கா வந்தார். புதுக் கோட்டு, தோள் சரியாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தார். பழக்கம்தான், யோசித்துச் செய்யவில்லை. கைப்பையை நடு நாற்காலியில் வைத்தார். ஹால் நிறைந்துகொண்டே வந்தது. ஜன்னல் பக்கமிருந்து காற்று வந்தது, அதில் தேங்காயெண்ணெய் வாசம். அக்கா அன்றைக்குத் தலைக்கு ஷாம்பு போட்டு முடியை விரித்து விட்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் இடம் தேடிக்கொண்டு வந்தாள். நடு நாற்காலியைக் காட்டி, இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்டாள்.

“ஆளு இருக்கு” என்றேன் நான்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. கழுத்து வியர்த்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை, அழுகையில்லை. பாவம் இவள் என்பதுபோல ஒரு பார்வை. பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“யாரும் இல்லம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். “உக்காரு.”